20 கிலோ சுமையுடன் 45 நிமிடத்தில் 3 மைல்: காட்டுத்தீ அணைப்புப் பணிக்கான நடைத்தேர்வுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பொருநை மகள்

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் யூஜீன் நகரில் வசிக்கிறேன். பள்ளிப் பருவத்தில் பெற்றோருடன் திருநெல்வேலியிலிருந்து இங்கு வந்து, பின்னர் குடியுரிமையும் பெற்றேன். வரும் கோடைக்கு, காட்டுத்தீயைக் கைக்கருவிகளால் கட்டுப்படுத்தும் 20 பேர் குழு ஒன்றில் பருவகாலத் தீயணைப்பாளராகச் சேர எனக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஜூன் தொடக்கத்தில் பணியில் சேரும்போது 'பேக் டெஸ்ட்' எனப்படும் நடைத்தேர்வில் தேறியாக வேண்டும். 45 பவுண்டு, அதாவது 20.4 கிலோ சுமையை முதுகில் சுமந்து, சமதளத்தில் 3 மைல் தொலைவை 45 நிமிடத்துக்குள் ஓடாமல் நடந்து கடக்க வேண்டும். அதில் தேறினால்தான் 'ரெட் கார்ட்' என்ற பணித்தகுதி அட்டை கிடைக்கும். அது இல்லாதவரைத் தீக்களத்துக்கு அனுப்புவதில்லை.

என் எடை 54 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம். சுமை இல்லாமல் 3 மைலை 44 நிமிடத்துக்குச் சற்று மேலே நடந்துவிடுகிறேன். 20 பவுண்டு சுமையுடன் நடந்தால் 48 நிமிடம் ஆகிறது. அதோடு கணைக்காலின் முன்புறம் இரண்டாம் மைலிலேயே இறுகி வலிக்கத் தொடங்குகிறது. இப்போது பிப்ரவரி நடுப்பகுதி என்பதால் ஏறத்தாழ மூன்றரை மாதங்கள் கையில் உள்ளன. சுமையை எப்படிப் படிப்படியாகக் கூட்டுவது, ஓட்டப் பயிற்சி இதற்கு உதவுமா, குட்டையான கால்கள் உள்ளவர் இந்த வேகத்தை எப்படி எட்டுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன். நான் முட்டை சேர்த்துக்கொள்ளும் சைவ உணவுக்காரி என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

பதில்: மலைத்தடம்

தங்கைக்கு வாழ்த்துகள். நான் மொன்டானாவிலும் ஐடஹோவிலும் சில பருவங்கள் இந்தப் பணியில் இருந்தவன். இந்தத் தேர்வில் நானும் நடந்திருக்கிறேன், புதியவர்களுக்கு நடத்தவும் உதவியிருக்கிறேன்.

முதலில் இந்தத் தேர்வு எதை அளக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது பயிற்சிக்கு உதவும். 1975 முதல் இங்கே படியேறி இறங்கும் தேர்வு ஒன்று நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக, மொன்டானாவின் மிசூலாவில் உள்ள வனத்துறைத் தொழில்நுட்ப மையத்தில் உடலியங்கியல் அறிஞர் பிரையன் ஷார்க்கி 1990-களில் வகுத்ததே இந்த நடைத்தேர்வு. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் இருப்பவர் இதைக் குறித்த நேரத்தில் முடிப்பார் என்பது இதன் அடிப்படை. மூச்சுவலுவும் தசைவலுவும் ஒருசேர அளக்கப்படுவதால், நன்றாக ஓடுகிறவர்கள் சுமையில் தடுமாறுவதையும், பளு தூக்குகிறவர்கள் மூச்சில் தோற்பதையும் பார்த்திருக்கிறேன். சுமை எல்லோருக்கும் ஒன்றுதான். தீக்களத்தில் நீர்ப்பம்பும் ரம்பமும் சுமப்பவரின் எடைக்கேற்ப இளைத்துக்கொள்வதில்லை என்பதால் அதை நான் நியாயம் என்றே கருதுகிறேன். என்றாலும் 54 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது உடல் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு நெருங்கி வருகிறது. ஆகவே 85 கிலோ எடையுள்ள ஆணுக்கு எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையை அப்படியே பின்பற்றாதீர்கள்.

உங்கள் எண்களைப் பார்த்தால், குறை சுமையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. சுமை இல்லாமலேயே 44 நிமிடம் ஆகிறது என்றால் கையிருப்பு என்று எதுவுமே இல்லை. எனவே அடுத்த மூன்று அல்லது நான்கு வாரங்களுக்குப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் உடலோடு 3 மைலை 39 அல்லது 40 நிமிடத்தில் நடக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஓடுதளம் கிடைத்தால் மிகவும் நல்லது: 400 மீட்டர் வட்டத்தில் 3 மைல் என்பது 12 சுற்றும் சுமார் 28 மீட்டரும்; ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 43 நொடி எடுத்தால் ஏறத்தாழ 45 நிமிடம். தேர்வில் ஒரு சுற்றை 3 நிமிடம் 40 நொடியில் முடிக்கும் வேகத்தை இலக்காக வைத்துக்கொண்டால் முக்கால் நிமிடம் மிச்சமிருக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரு சுற்றை 3 நிமிடம் 15 நொடியில் நடந்து, இரண்டு நிமிடம் தளர்ந்து நடந்து, மீண்டும் விரைந்து நடப்பதாக ஆறு அல்லது எட்டு முறை செய்யுங்கள். நடைவேகத்தை வளர்க்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

ஓட்டம் உதவும், ஆனால் நடைக்கு மாற்றாக அல்ல. மெதுவான ஓட்டம் வாரத்துக்கு இரண்டு நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவில் 30 முதல் 40 நிமிடம் போதும். அது மூச்சை வளர்க்கும். விரைநடையில் வேலை செய்யும் கணைக்கால் தசையையும் இடுப்பையும் நடைதான் பழக்கும்.

பிறகு சுமைக்கு வாருங்கள். மார்ச் நடுவில் 5 கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு ஏறத்தாழ 2 கிலோ வீதம் கூட்டி, நான்காவது வாரத்தில் கூட்டாமல் ஓய்வு கொடுத்துப் போனால், மே மாதத்தின் பிற்பகுதியில் 20 கிலோவை எட்டுவீர்கள். எந்த வாரத்திலும் சுமை, வேகம், ஏற்றம் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே கூட்டுங்கள். சுமையுடன் நடப்பது வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். அதில் ஒரு நாள் சமதளம், மற்றொரு நாள் மலை. யூஜீனில் ஸ்பென்சர் குன்று பக்கத்திலேயே இருப்பதால் மலைக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. பையில் மணலுக்குப் பதிலாகத் தண்ணீர்ப் புட்டிகளை வையுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் கணக்கும் எளிது. உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கினால் முழங்கால் தப்பும், ஏனெனில் சுமையுடன் இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி அதிகம்.

பதில்: நலம்நாடி

நான் டல்லஸில் பணிபுரியும் இயன்முறை மருத்துவர். மேலே நண்பர் சொன்ன வரிசை சரியானது. கணைக்கால் வலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் அதைப் பொருட்படுத்தாமல் விட்டு ஏப்ரலில் படுத்துக்கொண்டவர்கள் என் சிகிச்சையறைக்கு வருகிறார்கள்.

விரைந்து நடப்பதற்காகக் காலை முன்னே நீட்டிக் குதிகாலை ஊன்றும்போது, பாதம் தரையில் அறையாமல் மெல்ல இறங்கும்படி பிடித்துக்கொள்வது கணைக்காலின் முன்புறத் தசை. எட்டு, அதாவது காலடி, நீளமாக நீளமாக அந்தத் தசையின் வேலை கூடுகிறது. உயரம் குறைந்தவர்கள் வேகத்துக்காக எட்டை நீட்டுவது இயல்பு. உங்கள் வலிக்கும் பெரும்பாலும் அதுவே காரணமாக இருக்கும். எட்டை நீட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மணிக்கு 4 மைல் வேகம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 107 மீட்டர். உங்கள் காலடியின் நீளம் முக்கால் மீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 143 காலடிகள் வேண்டும். முழங்கையை மடக்கிக் கையைக் குறுக்கி வீசினால் காலும் தானாக விரையும். உடலை இடுப்பில் வளைக்காமல் கணுக்காலிலிருந்து முழு உடலும் சற்றே முன்சாய்ந்தால் போதும். இடுப்பில் குனிந்து நடப்பவருக்கு மூச்சும் இறுகும், முதுகும் வலிக்கும்.

அந்தத் தசையை வலுப்படுத்த, சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஓரடி முன்னே வைத்து, குதிகால் தரையில் இருக்க முன்பாதத்தை 20 முறை உயர்த்தி இறக்குங்கள்; நாளுக்கு மூன்று முறை செய்யலாம். கெண்டைக்காலுக்குப் படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சி, முதலில் இரு காலிலும் பிறகு ஒற்றைக் காலிலும். வாரத்துக்கு இரண்டு நாள் உடற்பயிற்சிக் கூடத்தில் ஸ்குவாட், டெட்லிஃப்ட், முழங்கால் உயரப் பெட்டியில் எடையோடு ஏறி இறங்குதல், கனமான இரு எடைகளைக் கைகளில் தொங்கவிட்டு நடத்தல், பிளாங்க் ஆகியவற்றைச் செய்தால் இடுப்பும் முதுகும் சுமைக்குத் தயாராகும். தோளுக்கு என்று தனியாக அதிகம் வேண்டாம்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் அறிந்திருங்கள். எலும்பு நெடுகிலும் பரவலாக வலித்து, நடை சூடேறியதும் குறைந்தால் அது பெரும்பாலும் தசையும் எலும்புறையும் சார்ந்தது. சுமையைக் குறைத்தால் ஆறும். ஒரே ஒரு புள்ளியை விரலால் அழுத்தும்போது சுரீரென்று வலித்தாலோ, ஓய்விலும் இரவிலும் வலி தொடர்ந்தாலோ, எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். அன்றே பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

பையைப் பற்றி ஒன்று. பெண்களின் உடற்பகுதி நீளத்துக்கும் இடுப்பின் வடிவத்துக்கும் பொருந்தாத பையில் இடுப்புப்பட்டை வயிற்றில் நழுவிவிடுகிறது. உடனே முழுச்சுமையும் தோளுக்குப் போய்க் கை மரத்துப்போகிறது. பட்டை இடுப்பெலும்பின் மேல்விளிம்பைக் கவ்வி உட்கார வேண்டும். கனமான பொருள் முதுகையொட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி அடுக்கி, அடியில் துணியோ போர்வையோ திணித்து உயர்த்துங்கள். தேர்வில் அவர்கள் தரும் பையையோ எடைச்சட்டையையோதான் அணிய வேண்டுமா, சொந்தப் பையை எடைபோட்டு அனுமதிப்பார்களா என்பதை உங்கள் அலுவலகத்தில் இப்போதே கேட்டு, எதுவோ அதிலேயே பழகுங்கள்.

பதில்: கிப்ஸ்லாந்து வாசி

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கோடைகாலக் காட்டுத்தீ அணைப்புப் பணியில் இருக்கிறேன். இங்கும் இதே தேர்வுதான், 4.83 கிலோமீட்டர், 20.4 கிலோ, 45 நிமிடம்.

நான் வலியுறுத்த விரும்புவது காலணியைப் பற்றி. களத்தில் குறைந்தது 8 அங்குல உயரமான தோல் பூட்ஸ் அணிய வேண்டியிருக்கும். அது புதிதாக இருக்கும்போது மரப்பலகையைப் போல வளையாது. வேலையில் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் முதற்கிழமையிலேயே குதிகாலில் கொப்புளம் வெடித்து நடக்க முடியாமற்போகும். இப்போதே வாங்கி, வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம், பிறகு கடைக்குப் போகையில், பிறகு மலையில் என்று பழக்குங்கள். அளவு பார்க்கும்போது மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், அணியப்போகும் தடித்த காலுறையோடு போய்ப் பாருங்கள். இறக்கத்தில் பெருவிரல் முன்னே இடிக்கக் கூடாது. தேர்வுக்கு இலகுவான சப்பாத்து அனுமதிக்கப்படுமா என்பதை உங்கள் இடத்தில் கேட்டறிந்து, அதற்கேற்றபடி சமதளப் பயிற்சியை அதிலும் மலைப் பயிற்சியைப் பூட்ஸிலும் செய்யலாம்.

வெப்பத்துக்கும் உடலைப் பழக்க வேண்டும். நீங்கள் மழையிலும் குளிரிலும் பயிற்சி செய்கிறீர்கள். வேலையோ கொளுத்தும் வெயிலில் நீண்ட கையுள்ள தீத்தடுப்புச் சட்டையுடன் இருக்கும். உடல் வெப்பத்துக்கு இசைய ஒன்று முதல் இரண்டு கிழமை ஆகும். மே கடைசியில் வெயில் ஏறிய பின் சில நாட்கள் நீண்ட கைச்சட்டையுடன் மெதுவாக நடந்து பழகுங்கள், வேகப் பயிற்சியை மட்டும் அந்த நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீரோடு உப்பும் வேண்டும். வியர்த்து ஒழுகும் நாளில் வெறும் தண்ணீரை மட்டும் மேலும் மேலும் குடிப்பதும் ஆபத்தே. உப்புப் போட்ட மோர் நம் வீடுகளில் இருப்பதுதானே.

தொடர் கேள்வி: பொருநை மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எட்டை நீட்டுகிறேன் என்பது இன்று காலை ஓடுதளத்தில் நடந்து பார்த்ததும் தெளிவாகத் தெரிந்தது. எட்டைக் குறுக்கி விரைவாக வைத்தபோது வலி வெகுவாகக் குறைந்தது. இன்னும் இரண்டு ஐயங்கள். தேர்வுக்கு முன் ஓர் உடல்நல வினாப்படிவம் நிரப்ப வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இரத்தசோகை இருந்து மருந்து எடுத்தேன். ஏற்றத்தில் மற்றவர்களைவிட முன்னதாக எனக்கு மூச்சு வாங்குவதற்கு அதற்கும் தொடர்பு இருக்குமா? இரண்டாவது, தேர்வில் தேறிவிட்டால் வேலைக்கான உடல்தகுதி வந்துவிட்டது என்று கொள்ளலாமா?

பதில்: நலம்நாடி

கட்டாயம் தொடர்பு இருக்கலாம், ஆகவே இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருப்பது மாதவிடாய் உள்ள பெண்களிடம், அதிலும் சைவ உணவு உண்டு கடுமையாகப் பயிற்சி செய்பவர்களிடம், மிகவும் பரவலாகக் காணப்படுவது. இரும்புச்சத்து இல்லாத உடலில் எத்தனை சுற்று நடந்தாலும் மூச்சு வளராது. குறை இருந்து சரிசெய்தால் பலன் தெரியச் சில வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆகும் என்பதால்தான் இப்போதே செய்யச் சொல்கிறேன். மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம். உணவில் பருப்பு, கொண்டைக்கடலை, கீரை எதுவானாலும் எலுமிச்சைச் சாறு பிழிந்து சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பாட்டோடு காபியும் தேநீரும் குடித்தால் அதைத் தடுக்கும், ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். புரதத்துக்கு முட்டை, தயிர், பனீர், சோயா போதும். ஒரே வேளையில் அல்லாமல் ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும்.

வினாப்படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். இந்தத் தேர்வின்போதே மாரடைப்பில் உயிரிழந்தவர்கள் உண்டு. அந்தப் படிவம் உங்களைத் தள்ளிவிடுவதற்காக அல்ல, அப்படியொரு சாவு மீண்டும் நேராதிருப்பதற்காக. பழைய இரத்தசோகையை எழுதி, இப்போதைய பரிசோதனை முடிவையும் மருத்துவரின் ஒப்புதலையும் இணைத்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

பதில்: மலைத்தடம்

இரண்டாவது கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், ஏனெனில் தேறியதோடு பயிற்சியை நிறுத்திவிடுபவர்களே முதல் மாதத்தில் குழுவின் பின்னால் திணறுகிறார்கள். நடைத்தேர்வு வாசற்படி மட்டுமே. களத்தில் சமதளம் என்பதே அரிது. பாதையில்லாத செங்குத்துச் சரிவில், முதுகுப்பையும் தண்ணீரும் புலாஸ்கி எனும் கோடரி-மண்வெட்டிக் கருவியும் சுமந்து, முன்னால் போகிறவரின் காலடியை விட்டுவிடாமல் ஏறி, ஏறிய பிறகு பல மணி நேரம் மண்ணைக் கொத்தித் தீத்தடுப்புக்கோடு வெட்ட வேண்டும். வேலைநாள் 16 மணி நேரம் வரை நீளும். அப்படி 14 நாட்கள் தொடர்ச்சியாக இருக்கும். ஒரு நாளில் 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவாகும்.

'ஹாட்ஷாட்' எனப்படும் முதன்மைக் குழுக்கள் இதனால்தான் நடைத்தேர்வோடு நிற்பதில்லை. ஒன்றரை மைலை 10 நிமிடம் 35 நொடிக்குள் ஓடுவது, ஒரு நிமிடத்தில் 40 சிட்-அப், 25 புஷ்-அப், எடைக்கேற்ற புல்-அப் என்று தனி இலக்குகளை வைத்திருக்கிறார்கள். வானூர்தியிலிருந்து குதித்து இறங்கும் 'ஸ்மோக்ஜம்பர்' பயிற்சியில் 110 பவுண்டு சுமையுடன் 3 மைலை 90 நிமிடத்தில் நடக்கச் சொல்வார்கள். உங்களுக்கு இப்போது அவை தேவையில்லை. ஆனால் மே மாதம் முடிவதற்குள், 12 முதல் 15 கிலோ சுமையுடன் செங்குத்தான பாதையில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஏறும் திறன் இருந்தால் முதல் வாரத்தில் குழுவோடு ஒட்டிப் போவீர்கள். கைகளையும் மறக்க வேண்டாம்: விறகு பிளக்கவோ தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கவோ வாய்ப்பிருந்தால் வலக்கை, இடக்கை என மாற்றி மாற்றிச் செய்யுங்கள், உள்ளங்கையும் முன்கையும் காய்த்துப்போக வேண்டும், ஒரே பக்கம் கொத்திப் பழகியவருக்கு முதுகின் ஒரு பாதி சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பருவத்தின் முதல் இரு வாரங்களில் குழுக்கள் கடுமையாகப் பயிற்சி நடத்தும். தயாரில்லாத உடலை அளவுக்கு மீறி வருத்தினால் தசை இழைகள் சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை வரக்கூடும். இளைஞர்களையும் அது மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது. செய்த வேலைக்குப் பொருந்தாத அளவு தசை வலி, கைகால் பலவீனம், கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், பெயர் கெட்டுவிடுமே என்று பொறுத்துக்கொள்ளாமல் குழுத்தலைவரிடம் சொல்லி உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, முழுச்சுமையுடன் முழுத்தொலைவை ஓரிரு முறை மட்டும் முன்னோட்டமாக நடந்து பாருங்கள். கடைசி முன்னோட்டத்துக்கும் தேர்வுக்கும் இடையில் பத்து நாளாவது இருக்கட்டும். அந்தப் பத்து நாளில் சுமையில்லாத சிறு நடைகள் போதும். தேர்வுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகப் பழக்கமான உணவை, இட்லியோ ஓட்ஸோ, அளவாகச் சாப்பிடுங்கள். தேர்விடம் 4,000 அடிக்கு மேல் இருந்தால் உயரத்துக்கேற்பச் சிறிது நேரம் கூடுதலாகத் தருவார்கள். அதைக் கணக்கில் கொள்ளாமலே பயிற்சி செய்யுங்கள். தொடக்கத்தில் கூட்டமாக எல்லோரும் பாய்வார்கள், உயரமானவர்கள் முன்னே போய்விடுவார்கள். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்து முதல் சுற்றை 3 நிமிடம் 40 நொடியில் முடித்து, அதே வேகத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள். இறுதிச் சுற்றில் நேரம் குறைவாக இருந்தாலும் ஓடிவிடாதீர்கள். இரு கால்களும் ஒருசேரத் தரையை விட்டு எழுவதைக் கண்காணிப்பவர் பார்த்தால் அதுவரை நடந்தது கணக்கில் வராது.